கஷ்ட காலத்தில் பக்கத்து வீட்டையும் கவனியுங்கள்



வழக்கமாக இந்தப் பக்கத்தில் ஏதாவது ஒரு வியாதியைப் பற்றித்தான் எழுதுவேன். இந்த முறை எழுதப் போவது வியாதியைப் பற்றி அல்ல. வியாதிகளுக்கெல்லாம் வாசலைத் திறந்து விடுகிற ஒன்றைப் பற்றி. அதுதான் பணமுடை.

மழைக்காலத்தில் பால் வெட்டு இல்லை. பிப்ரவரிக்கு மேல் இலை உதிர்ந்தால் மரத்தில் பால் இல்லை. விலை விழுந்துவிட்டால் பால் இருந்தும் கையில் காசு இல்லை. இது நமக்குப் புதிது அல்ல. 1930-களின் தொடக்கத்தில் ரப்பர் விலை படுத்தபோது, நம் முன்னோர்களில் ஆயிரக்கணக்கானவர்களைக் கப்பல் ஏற்றி ஊருக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள். 2020-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது நாமே பார்த்தோம். மறு வருஷம், 2021 நடுவில், சாப்பாட்டுக்கு வழியில்லாதவர்கள் வீட்டு வாசலில் வெள்ளைக் கொடி கட்டலாம், பார்த்தவர்கள் உதவுவார்கள் என்று நாடு முழுவதும் ஓர் இயக்கமே நடந்தது. பலர் கட்டினார்கள், உதவியும் கிடைத்தது.

எங்கள் தோட்டத்து லயத்தில் ஒரு கொடியும் பறக்கவில்லை. கஷ்டம் இல்லாததால் அல்ல. வெட்கம். நம் ஆட்கள் கொடி கட்ட மாட்டார்கள். அதனால்தான் மற்றவர்கள் கண் திறந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

நான் செய்த தவறு

சில வருஷங்களுக்கு முன் நடந்தது. லயத்துக் கோடி வீட்டில் ஒரு பெரியவர் தனியாக இருந்தார். ஓய்வு பெற்ற பால் வெட்டுக்காரர். மனைவி இறந்துவிட்டார், பிள்ளைகள் பட்டணத்தில். இனிப்பு நீர் வியாதிக்கு மாத்திரை சாப்பிட்டு வந்தார். ஒருநாள் காலை பத்து மணி வாக்கில் ஆயாக் கொட்டகைக்குப் பக்கத்தில் விழுந்து கிடந்தார். உடம்பெல்லாம் வேர்வை, பேச்சு குழறல். அந்த வழியாகப் போனவர்கள், “கிழவன் காலையிலேயே ஏத்திட்டான்யா” என்று சிரித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். அரை மணி நேரம் கழித்து, வேலை முடிந்து வந்த ஓர் அம்மாதான் பையனை என்னிடம் ஓடவிட்டார்.

போய்ப் பார்த்தால் சாராய வாடையே இல்லை. விரலில் ஊசி குத்தி ரத்தத்தைச் சோதித்தேன். சீனி அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தது. விழுங்கும் அளவுக்கு நினைவு இருந்ததால் சீனித் தண்ணீர் கொடுத்தோம். கால் மணி நேரத்தில் கண் தெளிந்தது. அப்போதுதான் கேட்டேன்: “ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?” பேசவில்லை. இரண்டாவது தடவை கேட்டபோது சொன்னார்: “அரிசி முடிஞ்சி போச்சிங்க ஐயா. ஆனா மாத்திரைய விடல. நீங்கதான சொன்னீங்க, என்ன ஆனாலும் மாத்திரைய விடக்கூடாதுன்னு.”

உண்மைதான். மாதா மாதம் அதைத்தான் சொன்னேன். ஒரு தடவைகூட “வீட்டில் அரிசி இருக்கிறதா?” என்று நான் கேட்கவில்லை. அன்றையிலிருந்து மாத்திரை உறையை நீட்டுவதற்கு முன் இந்தக் கேள்வியைக் கேட்காமல் விடுவதில்லை.

குடும்பம் எந்த வரிசையில் சுருங்குகிறது?

கையில் காசு குறையும்போது வீட்டில் முதலில் நிற்பது மீனும் முட்டையும். அடுத்தது பால். அதற்கடுத்து, டவுன் கிளினிக்குக்குப் போகிற வண்டிச் செலவு. குடிமக்களுக்கு அரசாங்கக் கிளினிக்கில் பதிவுக் கட்டணம் ஒரு வெள்ளிதான். ஆனால் அங்கே போய்த் திரும்ப வாடகை வண்டிக்கு இருபது முப்பது வெள்ளி ஆகிவிட்டால் என்ன செய்வது? “அடுத்த மாதம் போய்க்கொள்ளலாம்” என்று தள்ளிப் போடுகிறார்கள். ஒரு நாள் மாத்திரையை இரண்டு நாளாக்கிச் சாப்பிடுகிறார்கள். ரத்தக் கொதிப்பு மாத்திரையை நிறுத்தினால் அன்றே ஒன்றும் தெரியாது. சில வாரங்கள் கழித்துக் கை கால் இழுத்துக்கொள்ளும்போதுதான் தெரியும்.

ஆகவே பக்கத்து வீட்டில் யாரைப் பார்க்க வேண்டும், எதைப் பார்க்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

1. தனியாக இருக்கும் வயதானவர்கள்

காலையில் கதவு திறக்கும் நேரம் தள்ளிப் போகிறதா? சட்டை தொளதொளவென்று ஆகிவிட்டதா? கடைக்கு வருவது நின்றுவிட்டதா? கோயில் அன்னதானத்தன்று மட்டும் நிறையச் சாப்பிடுகிறாரா? இவையெல்லாம் அடையாளங்கள்.

இனிப்பு நீர் உள்ளவர் சாப்பிடாமல் மாத்திரையோ ஊசியோ போட்டுக்கொண்டால் ரத்தத்தில் சீனி இறங்கிவிடலாம். எல்லா மாத்திரையும் அப்படிச் செய்வதில்லை, ஆனால் சில செய்யும். நடுக்கம், வேர்வை, படபடப்பு, அகோரப் பசி, பேச்சு குழறல், சம்பந்தமில்லாமல் கோபப்படுவது, பிறகு மயக்கம். குடித்தவர் மாதிரியே இருக்கும். அப்போது செய்ய வேண்டியது:

நினைவு இருந்து விழுங்க முடிந்தால் மூன்று தேக்கரண்டி சீனியை அரைக் கிளாஸ் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். கால் மணி நேரம் பாருங்கள். தெளியாவிட்டால் இன்னொரு தடவை கொடுங்கள். தெளிந்ததும் சோறோ ரொட்டியோ கட்டாயம் சாப்பிட வையுங்கள். பிறகு கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள். தெளிந்துவிட்டது என்று வீட்டிலேயே விட்டுவிட்டால் மறுபடி இறங்கலாம்.

நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். மூச்சுக் குழாயில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 999-க்கு அடியுங்கள்.

சாப்பாட்டுக்கு வழியில்லாத நாளில் மாத்திரையை என்ன செய்வது என்று நீங்களே முடிவு செய்ய வேண்டாம். எங்களிடம் வந்து உள்ளதைச் சொல்லுங்கள். திட்ட மாட்டோம்.

2. கைக்குழந்தைகளும் சிறு பிள்ளைகளும்

மாவுப் பால் டின் விலை ஏறினால் சில வீடுகளில் இரண்டு காரியம் நடக்கிறது. ஒன்று, மூன்று கரண்டி போட வேண்டிய இடத்தில் ஒன்றரைக் கரண்டி போடுகிறார்கள். புட்டியில் வெள்ளையாகத்தான் தெரியும், வயிறும் நிரம்பும், ஆனால் சத்து பாதிதான். இன்னொன்று, கோப்பிக்கு ஊற்றுகிற இனிப்புக் கெட்டிப் பாலைத் தண்ணீரில் கலக்கிக் குழந்தைக்குக் கொடுக்கிறார்கள்.

இதைப் பற்றி ஒரு பழைய கதை உண்டு. 1939-ஆம் ஆண்டு சிங்கப்பூரில் சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் டாக்டர் ரோட்டரி சங்கத்தில் ஒரு சொற்பொழிவு ஆற்றினார். அதற்கு அவர் வைத்த தலைப்பு ‘பாலும் கொலையும்’. தாய்ப்பாலுக்குப் பதிலாக இனிப்புக் கெட்டிப் பாலைக் கொடுக்கச் சொல்லித் தாய்மார்களை ஏமாற்றுவதால் குழந்தைகள் சாகின்றன, இது கொலைக்குச் சமம் என்று பெரிய மனிதர்கள் முன்னால் பட்டவர்த்தனமாகச் சொன்னார். அவர் சொல்லி எண்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. பணமுடை வந்தால் அந்த டின் இன்னும் தொட்டிலுக்குப் பக்கத்தில் வருகிறது. அதில் பெரும்பகுதி சீனி. அதைக் குடித்த பிள்ளை கொழுகொழுவென்று தெரியலாம், பலம் இருக்காது.

ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர்கூட வேண்டாம். காசு செலவில்லாத சாப்பாடு அதுதான். ஆனால் அந்தத் தாய் சாப்பிட வேண்டும். பக்கத்து வீட்டில் பிள்ளை பெற்றவள் இருந்தால் குழந்தைக்குச் சட்டை வாங்கிப் போவதைவிட அவளுக்கு ஒரு தட்டு முட்டை கொடுப்பது மேல்.

ஆறு மாதத்துக்கு மேல் கஞ்சி மட்டும் கொடுத்தால் போதாது. அரிசியோடு பச்சைப் பயறு சேர்த்து வேக வைத்து, கழுவி வறுத்துப் பொடித்த நெத்திலி ஒரு கரண்டி, எண்ணெய் ஒரு கரண்டி, கீரை கொஞ்சம் சேர்த்து மசித்துக் கொடுங்கள். லயத்துக்குப் பின்னால் முருங்கை நிற்கிறது, மரவள்ளி நிற்கிறது. முருங்கைக் கீரைக்கு யாரும் காசு கேட்பதில்லை.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை: ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள பிள்ளையின் இடது கையில், தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில், தையல் நாடாவால் சுற்றளவு எடுங்கள். இறுக்கவும் கூடாது, தொங்கவும் கூடாது. 12.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் எங்களிடம் கொண்டு வாருங்கள். 11.5-க்குக் குறைந்தால் அன்றே ஆஸ்பத்திரி. இரண்டு பாதமும் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி விழுந்தாலும் அன்றே ஆஸ்பத்திரி. அதைச் சதை என்று நினைத்து ஏமாந்துவிடாதீர்கள்.

வயிற்றுப் போக்கு கண்டால் கிளினிக்கில் உப்புக் கரைசல் பொட்டலம் வாங்குங்கள். கையில் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சீனி, தலை தட்டிய அரைத் தேக்கரண்டி உப்பு. அளவு மாறக் கூடாது. உப்பு கூடினால் ஆபத்து. ஒரு நாளுக்கு மேல் வைத்துக் கொடுக்காதீர்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள்.

3. கடைசியாகச் சாப்பிடுகிற பெண்கள்

நம் வீடுகளில் வழக்கம் உங்களுக்குத் தெரியும். முதலில் புருஷன், பிறகு பிள்ளைகள், சட்டியில் மிச்சம் இருப்பது அம்மாவுக்கு. நல்ல காலத்தில் மிச்சம் இருக்கும். கெட்ட காலத்தில் ரசம்தான் இருக்கும். அவள் விடியற்காலையில் வரக் கோப்பி குடித்துவிட்டு வேலைக்குப் போய்விடுவாள்.

கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் உள்பக்கம் வெளுத்திருக்கும். உள்ளங்கையும் வெளுத்திருக்கும். மேட்டில் ஏறினால் மூச்சு வாங்கும். இது ரத்தச் சோகை. கர்ப்பிணிகளுக்கு இது பிரசவத்தில் உயிர் ஆபத்து. இரும்புச் சத்து மாத்திரை அரசாங்கக் கிளினிக்கில் கிடைக்கும். அதைக் கோப்பியோடும் டீயோடும் சாப்பிட்டால் பலன் பாதி போய்விடும். ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள். எலுமிச்சைச் சாறோடோ கொய்யாப் பழத்தோடோ சாப்பிட்டால் உடம்பில் நன்றாகச் சேரும். மலம் கறுப்பாகப் போகும், அதற்குப் பயந்து நிறுத்தாதீர்கள்.

ஆண்களுக்கு ஒரு வார்த்தை. இன்றைக்கு ராத்திரி உங்கள் மனைவியின் தட்டில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பாருங்கள். அதுவும் ஒரு வைத்தியம்தான்.

4. மனம் உடைந்தவர்கள்

இதை எழுதக் கை தயங்குகிறது. ஆனாலும் எழுதாமல் விட்டால் பாவம்.

கடன் ஏறுகிறது. வட்டிக்காரன், ஆலோங், வாசலுக்கு வருகிறான். மனுஷன் பேச்சைக் குறைக்கிறான். தூக்கம் இல்லை. வேலைக்குப் போகாமல் உட்கார்ந்திருக்கிறான். திடீரென்று, “நான் இல்லேன்னா நீங்க நல்லா இருப்பீங்க” என்கிறான். அல்லது ஆசையாக வைத்திருந்த பொருளை எடுத்து யாருக்கோ கொடுக்கிறான். இந்தப் பேச்சைக் குடிகாரன் பேச்சு என்று தள்ளாதீர்கள். அவனைத் தனியாக விடாதீர்கள். “உசிர விட்டுரலாம்னு தோணுதாண்ணே?” என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வராது. கேட்க ஆள் இருக்கிறது என்று தெரிந்தால் பாரம் இறங்கும்.

புல் மருந்து, பூச்சி மருந்து எதையும் வீட்டில் வைக்காதீர்கள். நம் தோட்டங்களில் எத்தனையோ உயிரைக் குடித்த பாராகுவாட் 2020 ஜனவரி 1 முதல் இந்த நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. பழைய மிச்சம் எங்காவது மூலையில் இருந்தால் ஸ்டோரில் ஒப்படையுங்கள். மற்ற மருந்துகளும் ஸ்டோரில் பூட்டியிருக்க வேண்டியவைதான்.

யாராவது விபரீதமாக எதையாவது செய்துவிட்டால், போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து மறைத்தவர்களை எனக்குத் தெரியும். அந்தப் பயத்தில் நேரம் போய்விடும். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டப் பிரிவு 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது. அது இப்போது குற்றம் அல்ல. தயங்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். மனசு சரியில்லாதவர்கள் பேசுவதற்குச் சுகாதார அமைச்சின் எண் 15555.

குடியைப் பற்றியும் ஒன்று. காசு குறைந்தால் சிலர் குடியை நிறுத்துவதில்லை, மலிவான சரக்குக்கு இறங்குகிறார்கள். 2018 செப்டம்பரில் சிலாங்கூர், கோலாலம்பூர் பகுதியில் மெத்தனால் கலந்த மதுவைக் குடித்துப் பல பேர் செத்தார்கள். அவர்களில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் நிறைய. குடித்து அரை நாள், ஒரு நாள் கழித்துக் கண் மங்கி, வயிறு வலித்து, வாந்தி வந்தால் அது சாதாரண போதை அல்ல. தூங்கினால் சரியாகிவிடும் என்று படுக்க வைக்காதீர்கள். நேரே பெரிய ஆஸ்பத்திரிக்கு.

5. வெளிநாட்டிலிருந்து வந்த தம்பிமார்கள்

இன்றைக்கு நம் பக்கத்து வீட்டில் இருப்பவர் வங்காளதேசத்துக்காரராக, இந்தோனேசியாக்காரராக, நேபாளியாக இருக்கலாம். ஏஜெண்டுக்கு வாங்கிய கடன், ஊரில் குடும்பம். நம்மைவிடக் குறைவாகச் சாப்பிட்டு நம்மைவிட அதிகமாக அனுப்புகிறார்கள். வெளிநாட்டவருக்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் கட்டணம் அதிகம், அதனால் முற்றிய பிறகுதான் வருவார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால், சாயங்காலக் காய்ச்சல் வந்தால், காசநோயா என்று சோதிக்க வேண்டும். ஓர் அறையில் எட்டுப் பேர் படுக்கிற இடத்தில் ஒருவர் இருமல் எல்லோருக்கும் சொந்தம். வேலையில் அடிபட்டால் அவர்களுக்கும் 2019 ஜனவரி 1 முதல் சொக்சோ பாதுகாப்பு உண்டு. அதை அவர்களுக்குச் சொல்லுங்கள். நம் தாத்தாவும் ஒரு காலத்தில் பெட்டியோடு கப்பலில் வந்து இறங்கியவர்தான்.

எப்படிக் கேட்பது, எப்படிக் கொடுப்பது?

“சாப்பாட்டுக்குக் கஷ்டமா?” என்று நாலு பேர் முன்னால் கேட்டால் யாரும் ஆமாம் என்று சொல்ல மாட்டார்கள். “இன்னைக்கு மீன் கொழம்பு கூடிப் போச்சி பாட்டி, வீணாப் போகும், கொஞ்சம் வாங்கிக்குங்க” என்று சொல்லிப் பாருங்கள். “பையனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுங்க தாத்தா, இங்கயே சாப்பிட்டுப் போங்க” என்று கூப்பிட்டுப் பாருங்கள். கொடுப்பதை ராத்திரி நேரத்தில் கொடுங்கள். படம் எடுக்காதீர்கள். மறுநாள் பெரட்டில் அதைப் பேசாதீர்கள்.

ஒவ்வொரு லயத்திலும் இரண்டு பேர் பொறுப்பு எடுத்துக்கொள்ளலாம். தனியாக இருப்பவர் கதவைக் காலையில் ஒரு தடவை தட்டுவது, கிளினிக் நாளன்று ஒரே வண்டியில் நாலு பேரைச் சேர்த்து அனுப்புவது. வண்டிச் செலவு நாலாகப் பிரிந்துவிடும். எங்கள் தோட்டத்தில் இப்படித்தான் மருந்து நின்று போனவர்களை மறுபடி கிளினிக்குக்குக் கொண்டு வந்தோம்.

நமக்கு உரிமையாக இருப்பவை

உதவி என்றால் பிச்சை என்று நினைக்காதீர்கள். சில நமக்குச் சட்டப்படி சேர வேண்டியவை.

வருமானமும் ஆதரவும் இல்லாத, 60 வயதுக்கு மேற்பட்ட குடிமக்கள் மாவட்டச் சமூகநல இலாகாவில் மாத உதவிக்கு மனுச் செய்யலாம். அடையாளக் கார்டும் பேங்குப் புத்தகமும் கொண்டு போங்கள். போக முடியாதவர்களுக்காக 15999 என்ற எண்ணுக்கு அடித்துச் சொல்லலாம். அடி உதை, சித்திரவதைக்கு ஆளாகும் பெண்கள், பிள்ளைகள், முதியவர்களுக்கும் அதே எண்தான்.

ஆட்குறைப்பில் வேலை போனவர்களுக்கு 2018 முதல் சொக்சோவின் வேலைக் காப்புறுதித் திட்டம் இருக்கிறது. தகுதியுள்ளவர்களுக்கு ஆறு மாதம் வரை உதவித் தொகை கிடைக்கும். வேலை போன 60 நாளுக்குள் மனுச் செய்ய வேண்டும். தானாக ராஜினாமா செய்தவர்களுக்கு இது கிடைக்காது. ஆகையால் ஆபீசில் எந்தக் காகிதத்தை நீட்டினாலும், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று சங்கக் கமிட்டியிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

சொக்சோ சந்தாதாரர் இறந்துவிட்டால் அவருடைய விதவைக்கும் பிள்ளைகளுக்கும் பென்ஷன் உண்டா என்று விசாரியுங்கள். விசாரிக்காமல் வருஷக்கணக்கில் சும்மா இருந்த குடும்பங்கள் உண்டு.

முடிவாக

நான் சொன்ன பெரியவருக்குச் சமூகநல இலாகாவில் பணம் கிடைக்க நாலு மாதம் ஆனது. அந்த நாலு மாதமும் அவரை இலாகா காப்பாற்றவில்லை. லயத்தில் ஏழு வீடு சேர்ந்து கிழமைக்கு ஒரு வீடாகச் சோறு கொடுத்தது. திங்கட்கிழமை சோறு, வெளிநாட்டுத் தம்பிகள் வீட்டுச் சோறு. காரம் அதிகம் என்று அவர் முறையிட்டுக்கொண்டே சாப்பிடுவார்.

இன்று இந்தத் தாளைப் படித்து முடித்ததும் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் லயத்தில் இரண்டு மூன்று நாளாக நீங்கள் பார்க்காத முகம் யாருடையது என்று யோசியுங்கள். ஒரு பெயர் ஞாபகம் வரும். எழுந்து போய் அந்தக் கதவைத் தட்டுங்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம். வணக்கம்.

உங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரி உதவியாளர்